பார்க்காத பொருளுக்கு வைத்த விலை

2010 ஜனவரி 18ஆம் தேதி அமெரிக்கப் பத்திரிகையாளர்களுக்கு ஆப்பிள் நிறுவனத்திடமிருந்து ஓர் அழைப்பு வந்தது. வெள்ளைப் பின்னணியில் பல நிறச் சாயத் தெறிப்புகள், அவற்றின் நடுவே நிறுவனத்தின் சின்னம். எங்கள் புதிய படைப்பைப் பார்க்க வாருங்கள் என்ற பொருளில் ஒரே ஒரு வரி. இடம் சான் பிரான்சிஸ்கோவின் யெர்பா புவெனா கலை மையம், நாள் ஜனவரி 27. பொருளின் பெயர் இல்லை, படம் இல்லை, விலையும் இல்லை. ஆனாலும் அது என்னவென்று யாரும் குழம்பவில்லை. ஆப்பிளிடமிருந்து டேப்லெட் வரப்போகிறது என்று வாடிக்கையாளர்களும் செய்தியாளர்களும் பங்குச் சந்தைக்காரர்களும் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே முடிவுகட்டியிருந்தார்கள்.

அந்தச் சில மாதங்களில் உலவாத ஊகம் இல்லை. ‘ஐஸ்லேட்’ என்ற இணைய முகவரி ஆப்பிளின் வசம் இருப்பதை 2009 டிசம்பரில் சிலர் கண்டுபிடித்தார்கள். அதுவே பெயர் என்று செய்தி பரவியது. திரை பத்து அங்குலம் என்றார்கள் சிலர். விலையுயர்ந்த ஓஎல்இடி திரைதான் என்று அடித்துச் சொன்னார்கள் வேறு சிலர். முகம் பார்த்துப் பேச முன்பக்கக் கேமரா கண்டிப்பாக உண்டு என்றார்கள். மேக் கணினியின் மென்பொருள் ஓடுமா, ஐபோனின் மென்பொருள் ஓடுமா என்று பட்டிமன்றமே நடந்தது. காக்கர் மீடியா என்ற செய்தி நிறுவனம் பரிசே அறிவித்தது. அந்த டேப்லெட்டின் உண்மையான புகைப்படத்துக்கு 10,000 டாலர்; பொருளையே ஒரு மணி நேரம் கையில் கொடுத்தால் ஒரு லட்சம் டாலர். உடனே ஆப்பிளின் வழக்கறிஞர்களிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் போனது. இன்னும் வெளிவராத பொருள் ஒன்று இருக்கிறது என்பதற்கு அந்தக் கடிதமே சாட்சி என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

இத்தனை ஆவலுக்குக் காரணம் வெறும் விளம்பரம் இல்லை. மக்களுக்கு உண்மையிலேயே ஒரு குறை இருந்தது. 2007இல் ஐபோன் வந்தபின் விரலால் திரையைத் தள்ளிப் படிப்பது பழகிவிட்டது; ஆனால் திரை உள்ளங்கை அளவுதான். லேப்டாப்பைச் சோபாவில் சாய்ந்தபடி வைத்துக்கொள்ள முடியாது. இடைப்பட்ட அளவில் நெட்புக் என்ற சின்ன லேப்டாப்புகள் மலிவாகக் கிடைத்தன. வேகம் போதவில்லை, விசைகள் நெருக்கமாக இருந்தன. அமேசானின் கிண்டில் 2007 நவம்பரில் 399 டாலருக்கு விற்பனைக்கு வந்து ஐந்தரை மணி நேரத்தில் தீர்ந்துபோனது. திரையில் நீண்ட நேரம் படிக்க மக்கள் தயார் என்பதை அது காட்டியது. ஆனால் அதில் நிறம் கிடையாது, படமும் ஓடாது.

அதற்கு முன் வந்த டேப்லெட்டுகள் எல்லாம் ஏமாற்றியிருந்தன. ஆப்பிளே 1993இல் நியூட்டன் என்ற கையடக்கக் கருவியைக் கொண்டுவந்தது. அது கையெழுத்தைத் தப்பும் தவறுமாகப் படித்ததால் கேலிக்கு ஆளானது. 1998இல் ஸ்டீவ் ஜாப்ஸ் அதை நிறுத்தினார். 2001இல் மைக்ரோசாஃப்டின் பில் கேட்ஸ், இன்னும் ஐந்தே ஆண்டுகளில் அமெரிக்காவில் அதிகம் விற்கும் கணினி வடிவம் டேப்லெட்டாகத்தான் இருக்கும் என்று கணித்தார். அது நடக்கவில்லை. கனமும் விலையும் அதிகம். பேனா போன்ற ஸ்டைலஸைத் தொலைத்துவிட்டால் திரையில் எழுத முடியாது. 2003இல் ஜாப்ஸிடம் கேட்டபோது, டேப்லெட் செய்யும் திட்டம் இல்லை, மக்களுக்கு விசைப்பலகைதான் வேண்டும் என்றார்.

வாசகர்களைவிட அதிகம் எதிர்பார்த்தவர்கள் பதிப்பாளர்கள். 2009 அமெரிக்க நாளிதழ்களுக்குக் கொடுமையான ஆண்டு. டென்வரில் ஏறத்தாழ 150 ஆண்டுகள் வெளிவந்த ராக்கி மவுன்டன் நியூஸ் அந்தப் பிப்ரவரியில் மூடப்பட்டது. மறுமாதமே சியாட்டிலின் போஸ்ட் இன்டெலிஜென்சர் அச்சை நிறுத்தியது. இணையத்தில் இலவசமாகப் படித்துப் பழகியவர்களிடம் சந்தா வாங்க ஒரு வழி தேவைப்பட்டது. அந்த அக்டோபரில் நியூயார்க் டைம்ஸின் நிர்வாக ஆசிரியர் பில் கெல்லர், தன் ஊழியர்களிடையே பேசுகையில் வரப்போகும் ஆப்பிள் ஸ்லேட் என்று வாய்விட்டுக் குறிப்பிட, பேச்சு வெளியே கசிந்து பரபரப்பானது. வராத ஒரு கருவியின்மேல் ஒரு தொழிலே தன் பிழைப்பைக் கட்டிவைத்திருந்தது.

எல்லா ஊகங்களிலும் அதிகம் வேலை செய்தது விலை பற்றியதுதான். கிட்டத்தட்ட எல்லாரும் சொன்ன எண் ஆயிரம் டாலர். ஆய்வாளர்கள் சொன்னார்கள், நாளிதழ்கள் திருப்பி எழுதின. ஆப்பிளின் சந்தைப்படுத்தல் பிரிவில் முன்பு பணியாற்றிய ஜான் மார்ட்டெல்லாரோ அந்த ஜனவரியில் ஒரு கட்டுரை எழுதினார். நிறுவனமே சில தகவல்களைத் தொலைபேசியில் வாய்மொழியாக, எழுத்தில் தடயம் இல்லாமல், நம்பிக்கையான செய்தியாளருக்குக் கசியவிடுவது வழக்கம் என்றும், இந்த ஆயிரம் டாலரும் அப்படிப்பட்டதாக இருக்கலாம் என்றும் அவர் கருதினார். கசிந்ததோ, தானாக முளைத்ததோ, அந்த எண் மக்கள் மனதில் ஆணியடித்தாற்போல் நின்றுவிட்டது.

முதலில் காதில் விழும் எண் பின்னால் வரும் மதிப்பீட்டை இழுக்கும் என்பதை உளவியலாளர்கள் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். எண்கள் எழுதிய சக்கரம் ஒன்றைச் சுழற்றிவிட்டு, ஐ.நா. உறுப்பு நாடுகளில் எத்தனை சதவீதம் ஆப்பிரிக்க நாடுகள் என்று கேட்டார்கள். சக்கரம் 10இல் நின்றதைப் பார்த்தவர்களின் இடைநிலை விடை 25. 65இல் நின்றதைப் பார்த்தவர்களின் விடை 45. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இருந்தும் அந்த எண் விடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. நடைபாதைக் கடைக்காரர் ஒரு சட்டைக்கு 500 என்று ஆரம்பித்து 250க்குத் தரும்போது, 250 நியாயமா என்று யோசிப்பதற்கு முன்பே பாதி மிச்சம் என்ற மகிழ்ச்சி வந்துவிடுவது இதனால்தான்.

ஜனவரி 27 அன்று மேடையில் நடந்ததும் இதுவே. ஜாப்ஸ் தோல் நாற்காலி ஒன்றில் சாய்ந்து உட்கார்ந்து, ஐபேட் என்று பெயரிட்ட அந்தக் கருவியில் செய்தித்தாள் படித்தார், படங்கள் பார்த்தார், மின்னஞ்சல் எழுதிக் காட்டினார். விலைக்கு வந்தபோது, நிபுணர்கள் ஆயிரத்துக்குள் என்கிறார்கள், அதற்கு 999 என்றுதான் பொருள் என்றார். பின்னால் பெரிய திரையில் 999 என்ற எண் வெகுநேரம் நின்றது. பிறகு மேலிருந்து 499 விழுந்து அதை நொறுக்கியது. அரங்கம் ஆரவாரித்தது. நெட்புக்கோடு ஒப்பிட்டால் 499 டாலர் அதிக விலைதான். அங்கே எவரும் நெட்புக்கோடு ஒப்பிடவில்லை.

மற்ற ஊகங்கள் பெரும்பாலும் பொய்த்தன. திரை 9.7 அங்குலம், சாதாரண எல்சிடி. கேமரா ஒன்றுகூட இல்லை. யுஎஸ்பி துளை இல்லை. அப்போது இணையத்தில் பெரும்பாலான வீடியோக்களை ஓட்டிய ஃபிளாஷ் இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு செயலிகளை இயக்க வழியில்லை. ஓடியது ஐபோனின் மென்பொருள். இது வெறும் பெரிய ஐபோன்தானே என்று பலர் அலுத்துக்கொண்டார்கள்; பெயரைக் கேலி செய்தார்கள். 24 மணி நேரத்தில் சுமார் 800 மின்னஞ்சல்கள் வந்தன, பெரும்பாலும் குறைகள்தான் என்று ஜாப்ஸ் தன் வரலாற்றை எழுதிய வால்டர் ஐசக்சனிடம் மனம் வெதும்பிச் சொல்லியிருக்கிறார்.

ஏப்ரல் 3 அன்று விற்பனை தொடங்கியது. முதல் நாளிலேயே மூன்று லட்சம், 28 நாளில் பத்து லட்சம், 80 நாளில் முப்பது லட்சம். கேமரா இல்லை என்று குறைபட்டவர்களும் வாங்கினார்கள். மறு ஆண்டு மார்ச்சில் கேமராவுடன் ஐபேட் 2 வந்தது. வாங்கியவர்கள் மனதில் நின்றவை ஊகங்களில் அதிகம் பேசப்படாத விஷயங்கள்: பத்து மணி நேரம் தாங்கிய பேட்டரி, தொட்டதும் விழிக்கும் திரை, கணினியே தொட்டிராத பெரியவர்களும் குழந்தைகளும் சொல்லித்தராமலே பயன்படுத்திய எளிமை.

பதிப்பாளர்களின் கனவு அவ்வளவாகப் பலிக்கவில்லை. வயர்டு பத்திரிகையின் முதல் ஐபேட் இதழ் ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் மாத விற்பனை அதில் கால்பங்காகச் சுருங்கியது. ஐபேடுக்கென்றே நியூஸ் கார்ப்பரேஷன் தொடங்கிய தி டெய்லி 2011 பிப்ரவரியில் பிறந்து 2012 டிசம்பரில் மூடப்பட்டது.

முன்கூட்டியே காட்டிவிட்டுத் தடுமாறியவர்களும் அதே காலத்தில் இருந்தார்கள். ஐபேட் அறிவிக்கப்படுவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பு லாஸ் வேகாஸ் கண்காட்சியில் மைக்ரோசாஃப்டின் ஸ்டீவ் பால்மர் எச்பி ஸ்லேட்டை உயர்த்திக் காட்டினார். அது அலுவலகங்களுக்கான கருவியாக அக்டோபரில்தான் கடைக்கு வந்தது. புத்தகம்போல் விரியும் இரட்டைத் திரை கொண்ட, மைக்ரோசாஃப்டின் கூரியர் என்ற கருவியின் படங்கள் 2009 செப்டம்பரில் கசிந்து பலரை மயக்கின. அடுத்த ஏப்ரலில் நிறுவனம் அதைக் கைவிட்டது. தொழில்நுட்பச் செய்தியாளர் மைக்கேல் ஆரிங்டன் 2008இல் 200 டாலரில் ஒரு டேப்லெட் செய்வோம் என்று அறிவித்தார். பங்காளி நிறுவனத்தோடு சண்டை வந்து, அது ஜூஜூ என்ற பெயரில் 499 டாலருக்கு வெளியானது. இருநூறு என்று கேட்டுக் காத்திருந்தவர்களுக்கு அந்த 499 கசந்தது. சான் பிரான்சிஸ்கோ மேடையில் கைத்தட்டல் வாங்கியதும் அதே எண்தான்.

இந்தியா இதே பாடத்தை இன்னும் பெரிய அளவில் கண்டது. 2010 ஜூலையில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல், மாணவர்களுக்கான 35 டாலர் டேப்லெட்டின் மாதிரியை வெளியிட்டார். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,600 ரூபாய். விலை போகப்போக 10 டாலர்வரை இறங்கலாம் என்ற நம்பிக்கையும் ஊட்டப்பட்டது. உலகமெங்கும் அது தலைப்புச் செய்தி. 2011 அக்டோபர் 5 அன்று ‘ஆகாஷ்’ என்ற பெயரில் டேட்டாவிண்ட் நிறுவனம் தயாரித்த கருவி வெளியானபோது அரசு கொடுத்த விலை சுமார் 50 டாலர். ஏழு அங்குலத் திரை, 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி நினைவகம். திரை விரலின் மின்னூட்டத்தை உணரும் வகை இல்லை, அழுத்தத்தை உணரும் வகை. விரலை நன்றாக அழுத்தினால்தான் வேலை செய்யும். பேட்டரி மூன்று மணி நேரம் தாங்கவே திணறியது.

பொதுமக்களுக்கு 2,500 ரூபாய்க்கு விற்பனை திறந்ததும் இரண்டே வாரங்களில் 14 லட்சம் முன்பதிவுகள் வந்ததாக நிறுவனம் அறிவித்தது. முன்பதிவு செய்த பலர் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். சோதனைத் தரம் குறித்து நிறுவனத்துக்கும் ஐஐடி ராஜஸ்தானுக்கும் தகராறு முற்றி, திட்டம் ஐஐடி பம்பாயின் கைக்கு மாறியது. 2012 நவம்பரில் வந்த ஆகாஷ் 2இல் செயலி ஒரு கிகாஹெர்ட்ஸ், நினைவகம் இரட்டிப்பு, தொட்டாலே உணரும் திரை. தெளிவான முன்னேற்றம்தான். ஆனால் அதற்குள் மக்களின் ஆர்வம் வடிந்துவிட்டது. அன்றைக்குக் கடையில் கிடைத்த பெயர்பெற்ற டேப்லெட்டுகள் ஆகாஷைப்போலப் பல மடங்கு விலை என்பதை எடைபோட்டவர்கள் குறைவு. 35 டாலர் என்று முதலில் கேட்ட எண்ணும், ஐபேடைப் பார்த்து உண்டான கற்பனையும் சேர்ந்து அந்தக் கருவியைச் சின்னதாக்கிவிட்டன.

இன்றைக்கும் ஒரு புதிய டேப்லெட் வரும் முன்னால் இதே ஊகங்கள்தான். அவற்றில் எதை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு வாங்குபவருக்கு உதவும் ஒரு வரிசை உண்டு. விற்பனைக்கு முன் கருவிகளைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால், அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமோ இந்தியத் தர நிர்ணய அமைவனமோ வெளியிடும் பட்டியலில் மாடல் எண் தென்பட்டால் பொருள் வருவது ஏறத்தாழ உறுதி. உறை செய்பவர்கள் முன்கூட்டியே அச்சு வார்ப்பதால் அளவு, கேமராவின் இடம் பற்றிய கசிவுகள் ஓரளவு சரியாகவே இருக்கும். மிகவும் நம்ப முடியாதது விலை. நாணய மதிப்பு, இறக்குமதி வரி, போட்டியாளரின் விலை எல்லாவற்றையும் பார்த்துக் கடைசி வாரத்தில்கூட அதை மாற்ற முடியும்.

ஆகவே செய்திகளைப் படிக்கத் தொடங்கும் முன்பே ஒரு தாளில் இரண்டு விஷயங்களை எழுதி வைத்துக்கொள்வது நல்லது: அந்த டேப்லெட்டில் செய்யப்போகும் வேலை என்ன, அந்த வேலைக்கு எத்தனை ரூபாய் கொடுக்க மனம் ஒப்பும். பிள்ளையின் பாடத்துக்கா, படம் பார்க்கவா, வரையவா, கடைக் கணக்குக்கா என்பதைப் பொறுத்துத் தேவையான திரையும் நினைவகமும் மாறும். பொருள் கடைக்கு வந்தபின் எத்தனை ஆண்டுகள் மென்பொருள் புதுப்பிப்பு தருகிறார்கள், அருகில் சர்வீஸ் சென்டர் எங்கே, பேனாவும் விசைப்பலகையும் தனி விலையா என்று விசாரித்து, அந்தத் தாளில் எழுதிய தொகையோடு ஒப்பிட்டால் போதும். அறிவிப்பு நாளன்றே முன்பதிவு செய்ய வேண்டிய அவசரம் மிகச் சிலருக்குத்தான் இருக்கும். மற்றவர்கள் முதல் மாதம் பயன்படுத்தியவர்களிடம் பேட்டரியும் வேகமும் எப்படி என்று கேட்டுவிட்டு நிதானமாக வாங்கலாம்.