'பாய்துவெய்'ல நில்லுங்க பாஸ்!

'நி ஹாவ்', 'ஷியெ ஷியெ'. வணக்கமும் நன்றியும் சொல்லத் தெரிஞ்சாச்சு, சீனாவுக்கு ஃப்ளைட் ஏறிடலாம்னு நினைக்கிறீங்களா? கொஞ்சம் பொறுங்க பாஸ். அங்கே கேன்டீன், ஆஸ்பத்திரி, ஸ்டேஷன்னு க்யூவுலயும் நிக்கணுமே!

க்யூவில் நிற்பதற்குச் சீனத்தில் 'பாய்துவெய்'. 'பாய்'னா வரிசையா அடுக்குறது, 'துவெய்'னா அணி. முதல் பாதியை "என்னது?"ன்னு கேக்குற மாதிரி மேலே ஏத்துங்க. அடுத்ததை "போடா!"ன்னு அதட்டுற மாதிரி சட்டுன்னு இறக்குங்க. அவ்ளோதான். கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களே, டேட்டா ஸ்ட்ரக்சர் பேப்பர்ல வர்ற க்யூவுக்கு அங்கே 'துவெய்லியெ'. அதே துவெய்! (அரியர் வெச்சிருக்கிறவங்க மன்னிக்க.)

நடுவுல புகுந்தா 'ச்சாதுவெய்'. "பியெ ச்சாதுவெய்!"னு யாராவது கத்தினா, உங்களைத்தான் சொல்றாங்க, பின்னாடி போயிடுங்க. இந்த வார்த்தைக்குள்ளே நம்ம வயசுப் பசங்களோட கதை ஒண்ணு இருக்கு. 1968 டிசம்பரில், படித்த நகரத்து இளைஞர்கள் கிராமத்துக்குப் போகணும்னு மாவோ அறிவித்தார். அதன் பிறகு ஒரு கோடிக்கும் அதிகமானவர்கள் படிப்பை விட்டுட்டு வயல் வேலைக்குப் போனாங்க. அப்படிக் கிராமத்து உற்பத்தி அணியில் போய்ச் சேருறதுக்கும் பேரு ச்சாதுவெய்தான்! 1969-ல், 15 வயசில் அப்படிப் போனவர்களில் ஒருத்தர் ஷி ஜின்பிங். அந்தக் காலத்து தாத்தா ஒருத்தர்கிட்ட இதைச் சொல்லிப் பாருங்க, அவருக்கு க்யூவா ஞாபகம் வரும்?

2008 ஒலிம்பிக்ஸுக்கு முன்னால், பெய்ஜிங்கில் மாசாமாசம் 11-ம் தேதியை 'க்யூ தினம்'னே அறிவிச்சாங்க. ஆரம்பிச்சது 2007 பிப்ரவரி 11. ஏன் 11? ஒருத்தர் பின்னால ஒருத்தர் நிக்கிற மாதிரி இருக்குல்ல, அதான்!

மெடிசின் படிக்கக் கிளம்புற நண்பர்களே, உங்களுக்குத்தான் நிஜமான ஆபத்து. ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பரைக் கூப்பிடுறதுக்கு 'ஜியாவ்ஹாவ்'. நாலு 'ஸ்', பத்து 'ஷ்'. பதினாலு 'ஷ்ஸ்', நாற்பது 'ஸ்ஷ்'. சிரிக்காதீங்க! ரூம்மேட் ராத்திரி பூரா மாத்தி மாத்திச் சொல்ல, பத்து தடவையில் ஏழு தடவை நான் அவுட். தெற்குச் சீனாவில் பல பேர் 'ஷ்'-ஐயும் 'ஸ்'னே சொல்லிடுவாங்க. அப்போ ஏத்த இறக்கம் மட்டும்தான் வித்தியாசம்.

நூத்தி ரெண்டு டிகிரி காய்ச்சலோட உட்கார்ந்திருக்கும்போது இந்தப் பரீட்சை வேணாம். காதை நம்பாம போர்டையே பாருங்க. நம்பர் தாண்டிப் போயிடுச்சுன்னா அதுக்குப் பேரு 'குவோஹாவ்'. நர்ஸ்கிட்ட டோக்கனை நீட்டி "குவோஹாவ் ல"ன்னு பாவமா சொல்லுங்க.