யானையின் மூளைக்கு எவ்வளவு தூரம்?

யானையின் நெற்றி வெளியே பார்க்கப் பாறை. உள்ளே அப்படியில்லை. மண்டையோட்டின் வெளி எலும்புக்கும் உள் எலும்புக்கும் நடுவே, காற்று நிரம்பிய சிறு அறைகள் தேனடை போல நெருங்கியிருக்கின்றன. நான்கைந்து கிலோ எடையுள்ள மூளை அதற்கெல்லாம் பின்னால், தாழ்வாக ஒதுங்கியிருக்கிறது. ஆப்பிரிக்காவில் யானை வேட்டைக்கு எந்தத் தோட்டா என்ற நெடுநாள் விவாதம் இந்த எலும்பைக் கடப்பது பற்றியதுதான்.

1870களில் வேட்டைக்காரர் ஃபிரெடரிக் செலூஸ் ஏந்தியது ‘நாலு போர்’ (four bore) என்ற பெருங்குழல் துப்பாக்கி. அதன் ஈய உருண்டை கால் பவுண்டு, சுமார் 113 கிராம். கருமருந்தால் வேகத்தை அதிகம் கூட்ட முடியாது, அதனால் எடையைக் கூட்டினார்கள். 1898இல் லண்டனின் ரிக்பி நிறுவனம் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவைக் கொண்டுவந்தது. கார்டைட் என்ற புகையில்லா மருந்து, 31 கிராம் குண்டை நொடிக்கு 650 மீட்டர் வேகத்தில் செலுத்தியது. அதன் பித்தளைக் கூட்டை நீளமாகச் செய்ததற்கும் காரணம் உண்டு. வெப்பநாட்டு வெயிலில் மருந்தின் அழுத்தம் ஏறும். ஏறினால் சுட்ட கூடு குழலுக்குள் இறுகிவிடும். எதிரே யானை நிற்கும்போது அது உயிர் போகிற விஷயம். கூடு பெரிதானால் அழுத்தம் அடங்கும்.

இத்தனைக்கும் பிறகு வேட்டைக்காரர் டபிள்யூ. டி. எம். பெல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளை, பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் ரைபிளாலேயே வீழ்த்தினார். தந்தத்துக்காக நடந்த அந்தக் கொலைகளை என்னால் மெச்ச முடியாது. ஆனால் அவருடைய 11 கிராம் குண்டு எப்படி மூளையை எட்டியது என்பது வியப்புதான். அதன் ஆற்றல் .450இன் பாதிகூட இல்லை.

விடை குண்டின் நீளத்தில் இருக்கிறது. எடையை முகப்பின் பரப்பால் வகுத்துப் பாருங்கள். நாலு போர் உருண்டையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 கிராம். .450இல் 29. பெல்லின் ஒல்லிக் குண்டில் 27! கெட்டியான உலோக உறை போர்த்திய அந்த நீளக் குண்டு நசுங்காமல், திசை மாறாமல் எலும்பைத் துளைத்தது.

அப்படியானால் சிறியதே போதுமா? பெல் யானை மண்டையோட்டை நெடுக அறுத்துப் பார்த்து, மூளை இருக்கும் இடத்தை மனத்தில் பதித்துக்கொண்டவர். அந்தக் கைத்திறன் இல்லாதவர் சில சென்டிமீட்டர் தவறினால், காயத்தோடு ஓடும் யானை நாள்கணக்கில் துடிக்கும். கனமான குண்டென்றால் மூளைக்கு அருகே பட்டாலே நிலைகுலைய வைக்கக்கூடும். மறுபுறம், குண்டு கனக்கக் கனக்கத் தோளில் விழும் உதை கூடும். உதைக்கு அஞ்சுகிறவரின் குறி தப்பும்.

1912இல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் வெளியிட்ட .375 தோட்டா, சிறியதற்கும் கனமானதற்கும் நடுவே நிற்கிறது. பல ஆப்பிரிக்க நாடுகளில் பெருவிலங்கு வேட்டைக்குச் சட்டம் அனுமதிக்கும் மிகச் சிறிய அளவு அதுதான். அதன் 19 கிராம் குண்டிலும் சதுர சென்டிமீட்டருக்கு அதே 27 கிராம்தான். ஆனால் ஆற்றல் பெல்லின் குண்டைப் போல இரண்டு மடங்கு.