திறமூல மென்பொருளில் நிலைத்த வெளியீடும் பதிப்புக்குறியும்: லினக்ஸ் கர்னலை முன்வைத்து

முன்னுரை

அச்சுநூலுக்கு இரண்டாம் பதிப்பு வந்த பின்னரும் முதற்பதிப்பு மாறாது நிற்கும். மேற்கோள் காட்டும் ஆய்வாளர் பதிப்பையும் ஆண்டையும் பக்கத்தையும் குறித்தால், படிப்பவர் அவ்விடத்தைச் சென்றடைவார். பலர் கைபட்டு நாள்தோறும் மாறிவரும் திறமூல மென்பொருளுக்கு இவ்வுறுதியைத் தருவது எது? மின்தொகுப்புகளையும் சொல்லடைவுக் கருவிகளையும் கொண்டு நிகழ்த்தப்பெறும் ஆய்வுகளின் நம்பகத்தன்மையும் இவ்வினாவோடு தொடர்புடையது. லினக்ஸ் கர்னலின் வெளியீட்டு முறையைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

நிலைத்த வெளியீடு

கர்னலின் முதன்மைக் கிளையை லினஸ் டோர்வால்ட்ஸ் பேணி வருகிறார். ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ இரண்டு வாரம் புதிய மாற்றங்கள் ஏற்கப்பெறும். பின்னர் வாரந்தோறும் முன்வெளியீடுகள் வரும். அவற்றில் பிழை களைதலே முதன்மைப் பணி. அதன் முடிவில் 6.6 போன்ற எண்ணோடு வெளியீடு அமையும். அதன்பின் அவ்வெளியீட்டைப் பேணுவது 2005இல் தொடங்கிய நிலைத்த கிளையின் பொறுப்பாகும். 6.6.1, 6.6.2 என அது வளரும்.

இக்கிளைக்குள் நுழையும் திருத்தம் உண்மையான பிழையைக் களைவதாக இருத்தல் வேண்டும். சூழல்வரிகள் உட்பட 100 வரிகளுக்கு மேற்படலாகாது. முதன்மைக் கிளையில் முன்னரே இடம்பெற்றிருத்தலும் வேண்டும். இறுதி விதியே இன்றியமையாதது. பழைய வெளியீட்டில் மட்டும் திருத்தினால், அடுத்த வெளியீட்டில் அதே பிழை மீண்டும் தலைகாட்டும்.

எண்களின் பொருள்

பதிப்பெண்ணின் பொருள் திட்டத்துக்குத் திட்டம் வேறுபடும். ‘பொருள்சார் பதிப்பெண்’ முறையில் முதலெண் மாறினால் பழைய பயன்பாடுகளோடு இணக்கம் முறிந்தது என்பது பொருள். கர்னலிலோ 2011இல் 2.6.39ஐ அடுத்து 3.0 வந்தபோது அடிப்படை மாற்றம் எதுவும் நிகழவில்லை. எண்முறை மட்டுமே எளிமையாக்கப்பட்டது. எனவே எண்ணை மட்டும் கண்டு மாற்றத்தின் அளவைத் துணிதல் பொருந்தாது.

பதிப்புக்குறி

2005இல் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் கருவியில், கிளைப்பெயர் புதிய மாற்றம் சேருந்தோறும் முன்னகரும். பதிப்புக்குறியோ இட்ட இடத்திலேயே நிற்கும். எளிய குறி வெறும் பெயரே. விளக்கக்குறி இட்டவர் பெயர், நாள், குறிப்பு ஆகியவற்றைத் தாங்கும். மறையீட்டுக் கையொப்பத்தையும் ஏற்கும். கர்னல் வெளியீடுகள் கையொப்பமிட்ட குறிகளையே பெறுகின்றன.

வெளியிட்ட குறியில் பிழை நேர்ந்தால் அதனை வேறிடத்துக்கு நகர்த்தலாமா? முன்னரே பெற்றவர்களிடம் உள்ள குறியைக் கிட் தானாக மாற்றுவதில்லை. ஆதலின் ஒரே பெயரில் இருவரிடம் இருவேறு பாடங்கள் வழங்கத் தொடங்கும். பிழையை ஒப்புக்கொண்டு புதிய எண்ணில் வெளியிடுவதே நெறி.

முடிவுரை

குறி நகர்த்தப்படலாம், ஆனால் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்பெறும் மாற்ற அடையாள எண், உள்ளடக்கம் மாறினால் தானும் மாறிவிடும். எனவே மென்பொருளையோ மின்பாடத்தையோ பயன்படுத்தும் ஆய்வாளர் ‘அண்மைப் பதிப்பு’ என்று எழுதாமல், பதிப்பெண்ணையும் அடையாள எண்ணையும் சேர்த்துக் குறித்தல் வேண்டும். அப்போதுதான் பின்வருவோர் அதே பாடத்தைக் கொண்டு முடிவைச் சரிபார்க்க இயலும்.