கண்ணாடித் தொட்டிக்கு அழுக்குக் குறைந்த மீன்களைத் தெரிந்தெடுத்தலும் இரையிடுதலும்

புதுக்கோட்டை ஜில்லா ஆலங்குடி தாலுகாவைச் சேர்ந்த கீரமங்கலம் வட்டாரம் பூ, தென்னை, பலா, வெற்றிலை ஆகியவற்றிற்குப் பேர்பெற்றது. இவ்விடத்துச் சாகுபடி பெரும்பாலும் ஆழ்குழாய்க் கிணற்று ஜலத்தையே நம்பியிருக்கிறது. வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்பது சிறு பொழுதுபோக்கேயாயினும், அதற்கு வாரந்தோறும் எத்தனை குடம் ஜலம் செலவாகும் என்பது குடியானவர்கள் கவனிக்கத்தக்க விஷயம். அச்செலவைத் தீர்மானிப்பது மீனின் ஜாதியும் அதற்கிடும் இரையுமேயாகும்.

தொட்டி ஜலம் தெளிவாயிருந்தால் சுத்தமாயிருக்கிறதென்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. மீன் தின்ற இரையிலுள்ள புரதம் கரைந்து, அதன் செவுள் வழியாக அமோனியாவாக வெளிவருகிறது. தின்னாது அழுகும் இரையும் அதையே உண்டாக்கும். இது கண்ணுக்குத் தெரியாத நஞ்சு. கோடைவெப்பத்திலும் காரத்தன்மையுள்ள ஜலத்திலும் அதன் கொடுமை அதிகம். கூழாங்கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலும் குடியேறும் நுண்ணுயிர்களே அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இவை பெருக 4 முதல் 6 வாரம் செல்லும். ஆகையால் முதல் மாதத்தில் இரண்டொரு சிறு மீன்களுக்கு மேல் விடலாகாது. கல்லையும் பஞ்சையும் மாதந்தோறும் கசக்கிக் கழுவி வெயிலில் உலர்த்துகிறவர்கள், தங்களுக்கு ஊழியம் செய்யும் உயிர்களைத் தாங்களே அழித்துவிட்டு, மீன் சாவதற்குக் காரணந் தேடுகின்றனர்.

கடையில் முதலில் கண்ணைக் கவர்வது தங்கமீன். சிறு தொட்டிக்கு இதைப் போல் பொருந்தாதது வேறில்லை. ஓயாது தின்னும், ஓயாது கழிக்கும், ஒரு சாணுக்கு மேலும் வளரும். 60 சென்டிமீட்டர் நீளமும் 30 அகலமுமுள்ள தொட்டியில் 25 சென்டிமீட்டர் உயரம் ஜலம் விட்டால் 45 லிட்டர் கொள்ளும். அதில் நான்கைந்து தங்கமீன்களை அடைத்தால், வாரம் இருமுறை பாதி ஜலத்தை, அதாவது 45 லிட்டரை, மாற்றினாலும் போதுமென்று சொல்வதற்கில்லை. எட்டுப் பத்துச் சிறு மீன்களுக்கோ வாரம் ஒருமுறை கால் பங்கு, சுமார் 11 லிட்டர், போதுமானது.

அழுக்குக் குறைந்த மீன்கள் நமது வாய்க்கால்களிலேயே உள்ளன. தலையுச்சியில் வெள்ளிப்பொட்டுத் துலங்கும் முண்டக்கண்ணி மேல்மட்டத்தில் நின்று கொசுப்புழுவைத் தின்னும். துள்ளும் இயல்புடையதாகையால் தொட்டிக்கு மூடி அவசியம். விரல் நீளத்திற்கு உட்பட்ட சிறு கெண்டைகளைக் கூட்டமாக விடலாம். அயிரை அடிமணலில் விழுந்த துணுக்கைப் பொறுக்கும். கப்பி மீனும் நன்றே. ஆனால் ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்தால் சில மாதங்களில் தொட்டி நிரம்பி, அழுக்கும் அதற்கேற்ப மிகும். ஆண்களை மட்டும் வாங்குவது நலம்.

‘டேங்க் கிளீனர்’ என்று விற்கப்படும் மீனைப்பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. அழுக்கைத் தின்று மாயமாக்கும் மீன் உலகில் இல்லை. இது பாசியைச் சுரண்டும். ஆனால் தான் கழிப்பது ஏராளம். ஓரடிக்கு மேல் வளர்வதும் உண்டு.

இரையிடுவதில் கைச்சுருக்கமே சிறந்தது. காலை ஒருவேளை, வேண்டுமாயின் மாலை ஒருவேளை, இரண்டு நிமிஷத்திற்குள் தின்று தீரும் அளவே இடுக. கண்ணாடியருகில் ஓடிவருவது பசிக்கு அடையாளமன்று, பழக்கத்திற்கு அடையாளம். வாரத்தில் ஒருநாள் பட்டினி போடுவதால் வளர்ந்த மீனுக்குக் கெடுதியில்லை. சோறு, ரொட்டி, பொரி ஆகியவை ஜலத்தைக் கலக்குமேயன்றி மீனுக்கு ஏற்ற சத்துணவல்ல. வாயிற்கேற்ற சிறு குருணைத் தீவனமும், சுத்தமான ஜலத்தில் பிடித்த கொசுப்புழுவும் ஏற்றவை. சாக்கடைப் புழு வியாதியைக் கொணரும். வீட்டில் இரையிடும் பொறுப்பை ஒருவரிடமே விடவேண்டும். மூவர் இரக்கப்பட்டால் மீனுக்கு மூன்று பங்கு இரை சேர்ந்துவிடும்.

ஆழ்குழாய் ஜலத்தில் பிராணவாயு குறைந்திருக்கும். அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் வைத்து, நன்றாகக் கலக்கிய பின்னரே தொட்டியில் விடுக. எடுத்த பழைய ஜலத்தில் தழைச்சத்து உள்ளதால் மல்லிகைச் செடிக்கு ஊற்றலாம். உப்போ மருந்தோ கலந்ததாயின் ஊற்றலாகாது.

கிராம அதிகாரிகளும் பஞ்சாயத்தாரும் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. 2019-ம் வருஷத்தில் கீரமங்கலம், கொத்தமங்கலம் பக்கத்து இளைஞர்கள் பாடுபட்டு ஏரி குளங்களைத் தூர்வாரினர். தொட்டிக்கு மிஞ்சிய மீனை அக்குளங்களில் கொண்டுபோய் விடுவது ஜீவகாருண்யம் என்று சிலர் நினைக்கின்றனர். தென்னமெரிக்காவைச் சேர்ந்த டேங்க் கிளீனர் முட்டையிடக் கரையைக் குடைந்து வளை தோண்டும். முள்ளால் வலையைக் கிழிக்கும். நாட்டு மீனின் இரையையும் இடத்தையும் பறிக்கும். ஒருமுறை பெருகினால் ஒழிப்பது மிகக் கடினம். வேண்டாத மீனை விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். அல்லது பெரிய தொட்டி வைத்திருப்போரிடம் சேர்ப்பிக்கலாம்.