எழுத்தை விற்பதா, அனுமதியை விற்பதா?

நம் தமிழ்க் கழகத்தில் எழுதிப் பழகியவர்களில் பலர், பட்டம் பெற்ற பின்னும் நாளேடுகளின் ஞாயிறு பதிப்புக்கும் மாத இதழ்களுக்கும் எழுதி வருகிறோம். ஜார்ஜ்டவுனில் எழுத்தையே தொழிலாகக் கொண்டுள்ள என்னிடம், "அதில் என்ன கிடைக்கும்?" என்றுதான் எல்லாரும் கேட்கின்றனர். ஒரு கட்டுரையை ஒரே இதழுக்குக் கொடுத்தால் அதிகம் கிடைக்காது என்பது உண்மை. வெளிவந்த கட்டுரையையே மீண்டும் விற்க முடிந்தால்தான் உழைப்புக்கு ஓரளவு விலை கிடைக்கும். அதற்கு உரிமை நம் கையில் இருக்க வேண்டும்.

உரிமை யாருக்கு?

மலேசியாவில் இதைத் தீர்மானிப்பது 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். எழுதியதுமே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. எழுதியவரின் வாழ்நாளிலும் அதன்பின் 50 ஆண்டுகளும் அது நீடிக்கும்.

ஆனால் மாணவர்கள் 26ஆவது பிரிவை அவசியம் அறிந்திருக்க வேண்டும். எழுதியவரே முதல் உரிமையாளர் என்று கூறும் அதே பிரிவு, ஒருவர் பணித்து எழுதச் சொன்ன படைப்பின் உரிமை, வேறு உடன்பாடு இல்லையென்றால், பணித்தவருக்கே மாறியதாகக் கொள்கிறது. சம்பளத்துக்கு எழுதும் நிருபருக்கும் இதே விதிதான்.

தண்ணீர்மலைத் தைப்பூசம் பற்றி நீங்களாகவே எழுதி அனுப்பினால் உரிமை உங்களுடையது. ஆசிரியர் தொலைபேசியில் அழைத்து, "தைப்பூச மலருக்கு ஒன்று எழுதித் தாருங்கள், சன்மானம் தருகிறோம்" என்றால் நிலைமை வேறு. அப்போது நான் எழுதத் தொடங்கும் முன்பே மின்னஞ்சலில் ஒரு வரி அனுப்பி, ஆசிரியரின் ஒப்புதலைப் பெற்றுக்கொள்வேன்: "ஒருமுறை அச்சில் வெளியிட அனுமதி அளிக்கிறேன், பதிப்புரிமை என்னிடமே இருக்கும்." ஓர் இதழ் 'எல்லா உரிமைகளும்' என்று அச்சிட்ட படிவத்தை அனுப்பியது. அந்த வரியை அடித்துவிட்டுக் கையொப்பமிட்டு அனுப்பினேன், மறுப்பின்றி ஏற்றுக்கொண்டனர். கேட்டால் கிடைக்கும்.

ஓர் அமெரிக்க வழக்கு

சுதந்திர எழுத்தாளர்கள் நாளேட்டுக்குக் கொடுத்த கட்டுரைகள், அவர்களைக் கேட்காமலே மின்தரவுத் தளங்களில் சேர்க்கப்பட்டன. ஜொனாதன் தாசினி உள்ளிட்டோர் நியூயார்க் டைம்ஸ் மீது வழக்குத் தொடுத்தனர். 2001இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற பெரும்பான்மையில் எழுத்தாளர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அது அந்நாட்டுச் சட்டம்தான்; எனினும் பாடம் நமக்கும் பொருந்தும். அச்சு, இணையம், மொழிபெயர்ப்பு, நூல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அனுமதி தரலாம். தனித்தனியே விலையும் கேட்கலாம்.

மறுபடி விற்பது எப்படி?

ஒரே வாசகர் படிக்கும் இரண்டு ஏடுகளுக்கு ஒரே கட்டுரையைக் கொடுக்காதீர்கள். முன்பு எங்கே, எப்போது வெளிவந்தது என்பதை இரண்டாவது ஆசிரியருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறைத்தால் பெயர் கெடும்.

வாசகர் மாறினால் கட்டுரையும் மாற வேண்டும். பினாங்கு வாசகருக்கு வெள்ளி ரதம் போகும் பாதையைச் சொல்லத் தேவையில்லை. சென்னை வாசகருக்கோ, அது பினாங்குத் தெரு கோவில் வீட்டிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலை நகரத்தார் கோவிலுக்குப் போவதை விளக்க வேண்டும். காலம் மாறினாலும் திருத்த வேண்டும். 2017இல் தங்க ரதமும் சேர்ந்துகொண்டது. அதற்கு முன் எழுதிய கட்டுரையை அப்படியே அனுப்பினால் அது பிழையான கட்டுரை.

செய்தியும் கருத்தும் எவருக்கும் சொந்தமல்ல. சொல்லிய விதமே சொந்தம். எனவே அதே தகவலைக் கொண்டு புதிய கட்டுரை எழுத எவரும் தடுக்க முடியாது. ஆனால் உரிமையை முழுவதும் எழுதிக் கொடுத்துவிட்டால், நம் வாக்கியங்களையே நம் நூலில் சேர்க்க இன்னொருவரிடம் அனுமதி கேட்க நேரும்.

1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. ஏடு நின்றாலும் எழுத்து நிற்க வேண்டுமானால், படியும் உரிமையும் எழுதியவரிடம் இருக்க வேண்டும். இன்றே ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். கட்டுரையின் தலைப்பு, வெளிவந்த ஏடு, நாள், கொடுத்த அனுமதி ஆகிய நான்கையும் குறித்து வையுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து உங்கள் முதல் தொகுப்பு நூலுக்கு அதுவே அடித்தளமாகும்.