முன்னறிகுறியும் காரணமும்: 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' தொடரும் பார்வையாளர் ஏமாற்றமும்

நெடுங்காலம் தொடர்ந்து வெளிவந்த கதையொன்று முடிவெய்தும்போது அதனைப் பின்பற்றி வந்தோர் ஏமாற்றமடைதல் புதுமையன்று. 1893ஆம் ஆண்டு டிசம்பரில் ஆர்தர் கொனன் டொயில் தமது துப்பறிவாளரான ஷெர்லொக் ஹோம்ஸை அருவியில் வீழ்ந்து மடிந்தவராகக் காட்டியபோது வாசகர் பெரிதும் வெகுண்டனர். ஏறத்தாழப் பத்தாண்டுகளின் பின்னர், 1903இல், ஆசிரியர் அப்பாத்திரத்தை உயிரோடு மீட்டுவர வேண்டியதாயிற்று. இத்தகைய நிகழ்ச்சிகளுள் அண்மைக்காலத்தில் மிகப் பெருமளவில் நடந்தேறியது, அமெரிக்காவின் எச்.பி.ஓ. நிறுவனம் 2011 ஏப்ரல் 17 முதல் 2019 மே 19 வரை ஒளிபரப்பிய 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' என்னும் அதிகற்பனைத் தொடரின் முடிவு பற்றியதாகும். அதன் இறுதிப் பருவத்தைத் திறமையுள்ள எழுத்தாளரைக் கொண்டு மீளத் தயாரிக்குமாறு கோரிய மனுவொன்றில் 18 இலட்சத்துக்கும் அதிகமானோர் ஒப்பமிட்டனர்.

இதனைக் குறித்து அறிவுலகில் இருவகை மனப்பாங்குகளைக் காணலாம். வெகுசனப் பண்பாட்டை ஏளனத்துடன் நோக்குவோர், தாம் விரும்பிய பாத்திரம் அரியணை ஏறவில்லையே எனப் புலம்பும் இரசிகரின் சிறுபிள்ளைத்தனமாக மாத்திரமே இதனைக் கருதுவர். இன்னொரு சாராரோ இரசிகரின் குரலை மக்களின் குரலாகவே கொண்டாடுவர். இவ்விரு சாராரும் அடிப்படையான வினாவொன்றைத் தவிர்த்து விடுகின்றனர். பார்வையாளர் எதனை எதிர்பார்த்தனர்? அவ்வெதிர்பார்ப்பை அவர்களிடத்தே தோற்றுவித்தது யாது? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடரின் மூலம் ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிவரும் நாவல் வரிசையாகும். அதன் முதல் நூல் 1996இலும் ஐந்தாவது நூல் 2011இலும் வெளிவந்தன. ஆறாவது நூல் இன்னும் வெளிவரவில்லை. டேவிட் பெனியொஃப், டி. பி. வைஸ் என்னும் இருவர் அதனைத் தொலைக்காட்சிக்கு ஏற்ப அமைத்தனர். எட்டுப் பருவங்கள், 73 அத்தியாயங்கள். வெஸ்டெரோஸ் என்னும் கற்பனைக் கண்டத்தின் அரியணைக்காகப் பிரபுத்துவக் குடும்பங்கள் மோதுவதே கதையின் மையம். பறவைநாகங்களும் பனிப்பிரேதங்களும் உலவும் கதையாயினும் அதன் கவர்ச்சி அவற்றில் மாத்திரம் தங்கியிருக்கவில்லை. போருக்குப் பணம் வேண்டும். பணத்துக்கு இரும்பு வங்கியிடம் கடன்பட வேண்டும். படைக்கு உணவு வேண்டும். ஆற்றைக் கடப்பதற்குக்கூட அப்பாலத்துக்குரிய பிரபுவுடன் மணவுறவு பேச வேண்டும். அதிகற்பனைக் கதைகளில் பொதுவாக மறைக்கப்படும் இப்பொருளியல் உண்மைகளை இத்தொடர் கதையின் இயங்குவிசையாகவே ஆக்கியது.

1888ஆம் ஆண்டு மார்கிரட் ஹார்க்னெஸுக்கு எழுதிய கடிதத்தில் ஏங்கெல்ஸ், யதார்த்தவாதமென்பது விவரங்களின் உண்மையோடு நின்றுவிடுவதன்று எனவும், பாத்திரங்களும் அவர்களை இயக்கும் சூழ்நிலைகளும் வகைமாதிரியானவையாக அமைதல் வேண்டும் எனவும் கருத்துரைத்தார். பறவைநாகம் பறக்கும் கதையொன்றில் விவரங்களின் உண்மையை நாம் தேடுவதற்கில்லை. ஆனால், பாத்திரத்துக்கும் சூழ்நிலைக்குமிடையே காரணகாரிய உறவு பேணப்படுமாயின், கற்பனை உலகம்கூட யதார்த்தவாதத்தின் ஒரு கூற்றைத் தன்னகத்தே கொள்ளும். இத்தொடரின் முற்பகுதி அத்தகையது.

இதற்கு வலுவான சான்று 2013ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒளிபரப்பான, 'செங்குருதித் திருமணம்' என வழங்கப்படும் நிகழ்ச்சியாகும். பார்வையாளரின் அன்புக்குரியவனான ரொப் ஸ்டார்க் தன் தாயுடனும் கருவுற்ற மனைவியுடனும் விருந்து மண்டபத்தில் கொல்லப்படுகின்றான். பார்வையாளர் துயருற்றனர்; அதிர்ச்சியுற்றனர். ஆனால் கதை தம்மை வஞ்சித்துவிட்டதென அவர்கள் பெருந்தொகையினராய்க் கிளர்ந்தெழவில்லை. ஏன்? அவன் பிரபு வால்டர் ஃபிரேயுடன் செய்த மண ஒப்பந்தத்தை முறித்தவன். தன் அணியைச் சேர்ந்த கார்ஸ்டார்க் பிரபுவைச் சிரச்சேதம் செய்து படையின் ஒரு பகுதியை இழந்தவன். களத்தில் வென்றவன் கூட்டணியில் தோற்றான் என்பதைப் பார்வையாளர் புரிந்து கொண்டனர். விருப்பம் நிறைவேறாமையை அவர்கள் சகித்தனர். காரணமின்மையையே பின்னர் சகிக்க மறுத்தனர். எனவே 2019இன் ஏமாற்றத்தை வெறும் ஆசைபங்கம் எனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. விரும்பியது கிடைக்காத ஏமாற்றமும், கற்பிக்கப்பட்ட தருக்கம் கைவிடப்பட்டதாலெழும் ஏமாற்றமும் வெவ்வேறானவை. மனுவில் ஒப்பமிட்டோரிடையே இரண்டும் கலந்திருந்தன என்பது உண்மையே. ஆயினும் ஆய்வுக்குரியது பின்னையதே.

இத்தருக்கம் எப்பொழுது கைவிடப்பட்டது? இறுதிப் பருவத்தையே பலர் சுட்டுவர். எமது நோக்கில் அச்சரிவு அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. கதையிலிருந்து மக்கள் மறைந்த கணமே அதன் தொடக்கமாகும். 2012இல் ஒளிபரப்பான இரண்டாம் பருவத்தில், பசியால் வாடிய தலைநகர மக்கள் தெருவில் அரச குடும்பத்தையே தாக்கினர். ஐந்தாம், ஆறாம் பருவங்களில் ஏழைகளைத் திரட்டிய சமய இயக்கமொன்று பிரபுக்களை நடுங்க வைத்தது. 2016இல், ஆறாம் பருவத்தின் இறுதியில், அரசி சேர்சி தலைநகரின் பேராலயத்தை அவ்வியக்கத் தலைவருடன் தகர்த்து முடிசூடிக் கொள்கின்றாள். அதன் பின்னர் அந்நகரில் எதுவுமே நிகழவில்லை. ரொட்டிக்காகக் கலகம் செய்த மக்கள், தமது வழிபாட்டிடம் சாம்பலானபோது வாளாவிருந்தனர். மக்கள் கதைமாந்தராக இருந்த நிலை நீங்கி அரங்கப் பின்திரையாகினர்.

அடிமை முறைமை பற்றிய பகுதியும் இவ்வாறே கைநழுவிற்று. அடிமைகளை விடுவித்த டெனேரிஸ், மீரீன் நகரை ஆள முனைந்தபோது எதிர்கொண்ட இடர்கள் தொடரின் ஆழமான பகுதிகளுள் அடங்கும். நான்காம் பருவத்தின் முடிவில் (2014), விடுதலை பெற்ற முதியவரொருவர், தம்மைப் பழைய எசமானரிடமே மீள ஒப்படைக்க அனுமதி கேட்கின்றார். ஆணையொன்றினால் அடிமைத்தளை அறும். ஆனால் வாழ்வாதாரம் பிறக்காது என்னும் உண்மை ஒரு சிறு காட்சியில் வெளிப்படுகின்றது. பின்னர் அவள் கூலிப்படைத் தலைவனொருவனிடம் அந்நகரை விட்டுக் கடல் கடக்கின்றாள். அந்நகர மக்களின் கதி என்னவென்று தொடர் அதன்பின் சொல்லவேயில்லை.

இந்தப் பின்னணியிலேயே இறுதிக்கு முந்திய அத்தியாயத்தை நோக்குதல் வேண்டும். சரணடைந்த தலைநகரை டெனேரிஸ் தீக்கிரையாக்குகின்றாள். அவளது குலத்தில் பித்து உண்டெனவும், அவள் முன்னரும் பகைவரை எரித்தவள் எனவும், இம்முடிவுக்கான முன்னறிகுறிகள் தொடர் முழுவதும் இருந்தன எனவும் சமாதானம் கூறுவோர் உளர். முன்னறிகுறிகள் இருந்தமை மெய்யே. ஆனால் முன்னறிகுறி வேறு, காரணம் வேறு. முன்னறிகுறி, நிகழ்ச்சி முடிந்தபின் திரும்பிப் பார்ப்பவனுக்குத் தென்படுவது; காரணம், நிகழ்ச்சியைத் தானே பிறப்பிப்பது. விடுதலையாளராக வரும் படையெடுப்பாளர் ஒடுக்குமுறையாளராக மாறுதல் வரலாறு பலமுறை கண்ட உண்மை. அம்மாற்றத்தைப் படிப்படியாக, அதிகாரத்தின் தேவைகளிலிருந்து காட்டியிருப்பின் அது பெருந்துயரக் காவியமாகியிருக்கும். தொடரோ குருதிவழிப் பித்தின்மீதும் கணநேரச் சினத்தின்மீதும் அச்சுமையை ஏற்றியது. சமுதாயம் விளக்கவேண்டிய இடத்தில் பரம்பரை வந்து அமர்ந்தது.

இறுதி அத்தியாயத்தின் காட்சியொன்று இதனை முழுமையாக்குகின்றது. புதிய அரசரைத் தெரிவதற்குப் பிரபுக்கள் கூடுகின்றனர். குடிமக்கள் அனைவரும் தெரிவு செய்யலாமே எனச் சாம்வெல் கேட்கின்றான். அவையினர் சிரிக்கின்றனர். பின்னர் பிரபுக்களே அரசரைத் தெரிகின்றனர். அதுவே ஞானமான முடிவாகக் கொள்ளப்படுகின்றது. பிரபுக்கள் சிரித்தமை யதார்த்தமே. ஆனால் அச்சிரிப்பைத் தட்டிக் கேட்கத்தக்க ஒரு குடிமகன்கூடக் கதையில் அப்போது எஞ்சியிருக்கவில்லை.

சமூகவியலாளரான செய்னெப் துஃபெக்சி 2019இல் எழுதிய கட்டுரையொன்றில், தொடர் சமூகவியற் கதைகூறலிலிருந்து உளவியற் கதைகூறலுக்கு மாறியமையே வெறுப்புக்குக் காரணமெனக் காட்டினார். இது சிறப்பான அவதானிப்பு. எனினும் அம்மாற்றத்தைக் கதாசிரியரின் இயலாமையாக மாத்திரம் விளக்குதல் போதாது. உற்பத்தி நிலைமைகளையும் நோக்குதல் வேண்டும். ஆறாம் பருவமளவில் தொடர் நூல்களை முந்திவிட்டது. சேரவேண்டிய இடங்களை மார்ட்டின் தயாரிப்பாளரிடம் முன்னரே தெரிவித்திருந்தார். சேரும் வழியோ அவராலேயே இன்னும் எழுதப்படவில்லை. முதல் ஆறு பருவங்களும் பத்துப் பத்து அத்தியாயங்களைக் கொண்டன. ஏழாவது ஏழும், எட்டாவது ஆறுமாகச் சுருங்கின. அத்தியாயமொன்றின் செலவோ இறுதியில் ஏறத்தாழ 15 மில்லியன் டொலரை எட்டியதாகச் செய்திகள் கூறின. காட்சிப் பிரமாண்டம் பெருகிற்று. காரணங்கள் முதிர்வதற்கான காலம் குறுகிற்று. முற்பருவங்களில் ஒரு பயணமே பல அத்தியாயங்களுக்கு நீளும். ஏழாம் பருவத்தில் கண்டத்தின் வடகோடிக்கு உதவி வந்து சேர ஓரத்தியாயத்தின் ஒரு பகுதியே போதுமாயிற்று. நிறுவனம் மேலும் அத்தியாயங்களுக்குப் பணமளிக்க ஆயத்தமாயிருந்தது. முடித்துக்கொள்ள விரும்பியோர் தயாரிப்பாளரே. விற்பனைப் பண்டத்துக்கு முடிவு தேவையில்லை. களைத்தவருக்கு விரைந்த முடிவு தேவை. கதைக்கு எது தேவை என்பது இவ்விரண்டாலும் தீர்மானிக்கப்படவில்லை.

பார்வையாளரின் நிலையும் இவ்வுற்பத்தி உறவின் ஒரு பகுதியே. விளம்பரத் தொலைக்காட்சி பார்வையாளரையே பண்டமாக விளம்பரதாரருக்கு விற்கின்றது என 1977இல் டலஸ் ஸ்மைத் வாதிட்டார். எச்.பி.ஓ. அவ்வாறன்று, அது விளம்பரமின்றிச் சந்தாவில் இயங்குவது. இங்கு விற்கப்படுவது காத்திருப்பாகும். 2015 ஜூனில் ஜோன் ஸ்னோ குத்தப்பட்டு வீழ்ந்ததிலிருந்து 2016 ஏப்ரல் வரை பத்து மாதங்கள், உலகெங்கும் இரசிகர் ஊகித்தனர், விவாதித்தனர், நூல்களைப் புரட்டிச் சான்று தேடினர். அச்சிந்தனை உழைப்புக்கு ஊதியமில்லை. அது சேர்த்த மதிப்போ நிறுவனத்துக்குரியது. உழைத்தவன் தன் உழைப்பு வீணானதென உணரும்போது எழும் சினத்தை ஏளனம் செய்தல் விமர்சகனுக்கு அழகன்று.

ஆயினும் அச்சினம் எடுத்த வடிவம் அதன் எல்லையையும் காட்டுகின்றது. பழுதான பண்டத்தை மாற்றித் தருமாறு கேட்கும் வாடிக்கையாளரின் மொழியிலேயே மனு பேசிற்று. எழுத்தாளரை மாற்றக் கேட்டது. கதையை எவர் உடைமையாக வைத்திருக்கின்றார் எனக் கேட்கவில்லை. நிறுவனத்துக்கு இதனால் இழப்பேதும் ஏற்படவில்லை. இறுதி அத்தியாயத்தை அன்றிரவே அமெரிக்காவில் 1 கோடியே 93 இலட்சம் பேர் பார்த்ததாக அது அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருதும் கிட்டியது. 2022 ஓகஸ்டில் அதே உலகத்தின் முற்காலக் கதையான 'ஹவுஸ் ஒஃப் த டிராகன்' தொடங்கியபோது ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் மீண்டும் திரை முன் அமர்ந்தனர். ஏமாற்றமே அடுத்த எதிர்பார்ப்பின் மூலதனமாயிற்று.

எனவே நாம் வற்புறுத்துவது இதுவே. இலட்சக்கணக்கானோர், எவரும் பாடம் நடத்தாமலே, காரணத்தையும் தற்செயலையும் வேறுபடுத்தக் கற்றனர். ஒரு முடிவு பிழையென மாத்திரமன்றி எவ்விடத்தில் பிழைத்ததென்றும் சுட்டிக்காட்டினர். இஃது அழகியற் கல்வியன்றி வேறில்லை. அரசனின் பித்தை அன்றி அரசமைப்பை நோக்கவேண்டுமென்ற அறிவு கற்பனைக் கண்டத்தோடு நின்றுவிடின் அது பொழுதுபோக்காகவே கழியும். தாம் வாழும் உலகின் அரியணைகளையும் கடன்களையும் பசியையும் அதே கண்கொண்டு நோக்கத் துணியின் அது விமர்சன உணர்வாகும். அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் குறைத்தலே முற்போக்கு விமர்சனத்தின் கடமை. அதனை ஏளனத்தாலும் செய்யவியலாது, முகத்துதியாலும் செய்யவியலாது.