எக்கோவில் மூழ்கிய சித்தப்பாவின் கிட்டார்!
சாதா ஒலியைத் தொலைத்ததால் வந்த வினை

திருவாரூர்-

ஊரில் நடக்கும் திருட்டு, அடிதடி, குடிதண்ணீர் குழாய் உடைப்பு இவற்றை எழுதுவதுதான் என் வேலை. இன்றைக்கு என் வீட்டிலேயே பறிபோன ஒரு பொருளைப் பற்றி எழுதவேண்டி இருக்கிறது.

பறிபோனது நகை அல்ல. பணமும் அல்ல. ஒரு சத்தம்!

பறிகொடுத்தவர் என் சித்தப்பா. பறித்தது வேறு யாரும் அல்ல, நானேதான்!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

மேடையில் வாசித்தவர்

என் சித்தப்பா ஒரு காலத்தில் மெல்லிசைக்குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்தவர். மன்னார்குடி, நாகை, கும்பகோணம் என்று அன்றைய தஞ்சை ஜில்லாவில் அவர் ஏறாத திருவிழா மேடை குறைவு. விடிய விடிய வாசித்துவிட்டு முதல் பஸ்சில் வந்து இறங்குவார். சினிமா பாட்டு போக, அவரே போட்ட மெட்டுகளும் உண்டு. எதையும் நோட்டில் எழுதி வைக்கவில்லை. எல்லாம் விரலில்தான் இருந்தது.

சில வருஷங்களுக்கு முன்பு நான் தவணையில் ஒரு ஆடியோ இன்டர்பேஸ் வாங்கினேன். கிட்டாரையும் மைக்கையும் லேப்டாப்போடு சேர்க்கும் சின்னப் பெட்டி இது. கம்பியில் இருந்து வரும் மின்சாரத்தை ஒரு விநாடிக்கு 48 ஆயிரம் தடவை அளந்து, எண்ணாக மாற்றி லேப்டாப்புக்குள் அனுப்பும். இதை வைத்து வீட்டு அறையிலேயே பாட்டு பதியலாம்.

ஒரு ராத்திரி சித்தப்பாவை உட்கார வைத்தேன். அவருடைய கிட்டார் ஒயரை எபெக்ட் பெட்டியில் சொருகினேன். அதில் எக்கோவை ஏற்றினேன். டிஸ்டார்ஷனைக் கொஞ்சம் கூட்டினேன். பெட்டியில் இருந்து வந்த ஒலியைத்தான் இன்டர்பேசுக்குக் கொடுத்தேன்.

ஹெட்போனில் கேட்டால், ஆகா! பெரிய கோவில் பிராகாரத்தில் நின்று வாசித்த மாதிரி இருந்தது. "பிரமாதம் சித்தப்பா!" என்று குதித்தேன். அவரும் சிரித்தார். மூன்று மெட்டு பதிந்தோம்.

விழுந்தது இடி

அடுத்த வருஷம் சித்தப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் இடதுகை பழையபடி வரவில்லை. கிட்டாரில் கம்பியை அழுத்துகிற கை அதுதான்.

பிறகு ஒருநாள் நண்பர் ஒருவர் ஒரு குறும்படத்துக்குப் பின்னணி இசை கேட்டார். சித்தப்பாவின் மெட்டு ஒன்றை எடுத்து, தபேலாவும் புல்லாங்குழலும் சேர்க்கலாம் என்று முடிவு செய்தோம்.

போட்டுப் பார்த்ததும் குட்டு வெளிப்பட்டது. எக்கோ சொதசொதவென்று எல்லாவற்றையும் மூடியது. ஒரு சுரம் முடிவதற்குள் முந்தின சுரம் நாலு தடவை திரும்பி வந்தது. தபேலா ஒரு பக்கம் போனது, எக்கோ வேறு பக்கம் போனது. "எபெக்ட் இல்லாத சாதா கிட்டாரை அனுப்பு, நான் பார்த்துக்கிறேன்" என்றார் நண்பர்.

சாதா ஒலி எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை!

வீட்டில் அதைச் சித்தப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டார். "ஏன் தம்பி, இதுல நான் எங்கடா இருக்கேன்? மெஷின்தானே வாசிக்குது?" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

சோறு அரிசி ஆகுமா?

விஷயம் இதுதான். எபெக்ட் எதுவும் படாமல் கம்பியில் இருந்து வரும் ஒலியை சவுண்டு ஆட்கள் 'டிரை' என்பார்கள். எக்கோ, டிஸ்டார்ஷன் எல்லாம் ஏறியதை 'வெட்' என்பார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். டிரை என்பது அரிசி. வெட் என்பது வடித்த சோறு. அரிசி கையில் இருந்தால் இன்றைக்கு சோறு வடிக்கலாம், நாளைக்கு பொங்கல் வைக்கலாம். வடித்த சோற்றைத் திரும்ப அரிசி ஆக்க முடியுமா? நான் சோற்றை மட்டும் வைத்துக்கொண்டு அரிசியைக் கோட்டைவிட்டேன்.

எக்கோவைக் குறைக்கும் சாப்ட்வேர்கள் இப்போது வந்துவிட்டன. முயன்று பார்த்தேன். குறைத்தது, ஆனால் முழுசாக எடுக்கவில்லை. எடுக்கும்போது கம்பியின் சத்தத்தையும் கொஞ்சம் சுரண்டிக்கொண்டு போனது.

அமெரிக்கப் பெட்டி

இந்தச் சங்கடம் பெரிய ஸ்டூடியோக்களுக்கும் தெரிந்ததுதான். 1990-களில் ஜான் குனிபெர்ட்டி என்ற அமெரிக்க ஒலிப்பதிவாளர் இதற்கென்றே 'ரீஆம்ப்' என்று ஒரு பெட்டி செய்து விற்றார். முன்பே பதிந்து வைத்த டிரை ஒலியை, கிட்டாரில் இருந்து இப்போதுதான் வருவது போல ஆம்ப்ளிபயருக்கு அனுப்பும் பெட்டி அது. வாசித்தவர் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். ஒலிப்பதிவாளர் மறுநாள் சாவகாசமாக ஆம்ப்ளிபயரைத் திருகி, பாட்டுக்குப் பொருந்தும் ஒலியைத் தேடிக்கொள்ளலாம். ஆனால் டிரை இருந்தால்தான் இந்த வித்தை நடக்கும்.

இன்றைக்கு இந்த வேலையை லேப்டாப்பில் உள்ள 'பிளக்-இன்' சாப்ட்வேரே செய்துவிடுகிறது. ஆம்ப்ளிபயர் வாங்கவேண்டிய அவசியம்கூட இல்லை.

மூன்று வழி

இரண்டு ஒலியையும் எப்படிப் பிடிப்பது? பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்:-

முதல் வழி: கிட்டாரை நேராக இன்டர்பேசில் சொருகுங்கள். பெட்டியில் 'இன்ஸ்ட்' என்றோ 'ஹை-இசட்' என்றோ ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்க மறக்காதீர்கள். மறந்தால் ஒலியின் கூர்மை போய் மங்கலாகிவிடும். எபெக்டை சாப்ட்வேரில் வைத்துக்கொள்ளுங்கள். காதில் எக்கோவோடு கேட்கும், பதிவது சாதா ஒலி. ஒருவருக்கு அனுப்பும்போது எபெக்டோடு ஒரு பைல், எபெக்டை அணைத்துவிட்டு ஒரு பைல் என்று இரண்டாக எடுத்து அனுப்புங்கள்.

இரண்டாவது வழி: எபெக்ட் பெட்டி இல்லாமல் கை ஓடாது என்பவர்களுக்கு 'டி.ஐ. பாக்ஸ்' இருக்கிறது. இது ஒலியை இரண்டாகப் பிரிக்கும். ஒன்று நேராக இன்டர்பேசின் முதல் வழிக்குப் போகும். மற்றது எபெக்ட் பெட்டிக்குப் போய், அங்கிருந்து இரண்டாம் வழிக்கு வரும். இரண்டு டிராக்கும் ஒரே நேரத்தில் பதியும்.

மூன்றாவது வழி: சில எபெக்ட் பெட்டிகளே இன்டர்பேசாகவும் வேலை செய்யும். லைன் 6 ஹீலிக்ஸ் போன்றவை ஒரே யு.எஸ்.பி. ஒயரில் இரண்டு ஒலியையும் தனித்தனியாக அனுப்புகின்றன. லேப்டாப்பில் இரண்டு டிராக் திறந்து வைக்கவேண்டும், அவ்வளவுதான்.

வெட்டும் வேண்டும்

அப்படியானால் டிரை மட்டும் போதுமே என்று கேட்கலாம். போதாது! கிட்டார்காரர் காதில் கேட்பதற்குத் தக்கபடிதான் கை போகும். எக்கோ திரும்பி வரும் இடம் பார்த்து அடுத்த சுரத்தை வைப்பார். டிஸ்டார்ஷன் இருந்தால் ஒரே சுரத்தை நீட்டி நிறுத்துவார். அவர் மனசில் இருந்த உருவம் என்ன என்பதற்கு வெட்தான் சாட்சி. ஆகவே இரண்டும் வேண்டும்.

ஆனால் இரண்டையும் ஒன்றாக ஓடவிடாதீர்கள். சில மில்லி விநாடி முன்பின் இருந்தாலே ஒன்றை ஒன்று அடித்து, ஒலி சவசவத்துப் போகும். டிரையை அணைத்து வைத்து, தேவைப்படும்போது மட்டும் எடுக்கவேண்டும். இரண்டு பைலும் பாட்டின் ஆரம்பத்தில் இருந்தே தொடங்கட்டும். பிறகு சேர்க்க சிரமம் இருக்காது.

சிவப்பு விளக்கு

டிரையிலும் ஒரு ஆபத்து உண்டு. வேகமாக அடிக்கும்போது சிவப்பு விளக்கு எரிந்தால் ஒலி கிழிந்துவிட்டது என்று அர்த்தம். அதைத் தைக்க முடியாது. உச்ச சத்தம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் நடுவே நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது 'உம்ம்' என்ற கரண்டு இரைச்சல். நம் வீடுகளில் எர்த் சரியில்லை என்றால் இது நிச்சயம். டிஸ்டார்ஷன் போட்டால் இரைச்சலும் சேர்ந்து ஊதும். பழைய சோக் வைத்த டியூப்லைட்டை அணைத்துப் பாருங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். உட்காரும் திசையை மாற்றிப் பாருங்கள். அப்படியும் அடங்காவிட்டால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்ப்பது நல்லது. அது உயிருக்கும் நல்லது.

இதற்கெல்லாம் இடம் எவ்வளவு பிடிக்கும்? 24 பிட்டில் பதிந்தால் ஒரு நிமிஷத்துக்கு சுமார் 8.6 எம்.பி. 5 நிமிஷப் பாட்டுக்கு 43 எம்.பி. கல்யாண வீட்டில் செல்போனில் ஒரு நிமிஷம் எடுக்கும் வீடியோ இதைவிடப் பெரிசு. இந்த 43 எம்.பி.யைத்தான் நான் அன்றைக்கு மிச்சம் பிடித்தேன்!

வயலின் வந்த கதை

"வெள்ளைக்காரன் வாத்தியத்துக்கு இவ்வளவு அக்கறையா?" என்று சிலர் கேட்பார்கள். இது தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் பிறந்த ஊர். 1762-க்கும் 1776-க்கும் இடைப்பட்ட காலத்தில் மூன்று பேரும் இங்கேதான் பிறந்தார்கள். அந்த முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் சென்னையில் ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதல்வராகச் சொல்லப்படுகிறார். இன்றைக்கு வயலின் இல்லாத கச்சேரி உண்டா? வெளியூர் வாத்தியத்தை நம்ம ஊர் வாத்தியம் ஆக்குவது திருவாரூருக்குப் புதிது அல்ல.

அந்தக் காலத்தில் பதிவுக்கருவி கிடையாது. சீடர்கள் மனப்பாடமாக வைத்துக் காப்பாற்றினார்கள். இன்றைக்கு எல்லார் கையிலும் கருவி இருக்கிறது. இருந்தும் நான் தொலைத்தேன்.

இப்போது நடப்பது

இப்போது தெருப் பையன்கள் இரண்டு பேர் சித்தப்பாவிடம் கற்றுக்கொள்ள வருகிறார்கள். அவர் வாயால் பாடிக் காட்டுகிறார். வலதுகையால் தாளம் போடுகிறார். அந்த மூன்று மெட்டில் ஒன்றைப் பையன்கள் ஏறக்குறைய பிடித்துவிட்டார்கள். சித்தப்பாவின் விரல் அதில் இல்லை. மெட்டாவது மிஞ்சுகிறது.

போன வாரம் அதைப் பதிந்தோம். ஒயர் எல்லாம் மாட்டி, நான் பட்டனை அமுக்கப் போனேன்.

கட்டிலில் இருந்து சித்தப்பா குரல் கொடுத்தார்:-

"இருடா தம்பி. மொதல்ல சாதா போவுதான்னு பாரு!"

பார்த்தேன். இரண்டு டிராக்கும் ஓடிக்கொண்டிருந்தன.